பெண் பார்க்கக் குளிக்கப் போனவள்

லல்லா பத்தூல் அஸ்ரூவில் வந்து இறங்கியபோது வெயில் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. மகன் ரிதாவிடம் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள். பொய். சாயங்காலம் வருகிறவள் சம்பந்தி. நாலு பேர் எழுந்து நின்று வரவேற்பார்கள். காலையில் வருகிறவள் யாருக்கும் தெரியாமல் வேவு பார்க்க வந்தவள். இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடித்துக்கொள்வது என்று மெக்னெஸில் ஷேர் டாக்ஸி ஏறும்போதே அவள் முடிவு செய்திருந்தாள்.

ரிதா அவளுக்கு ஒரே பிள்ளை. தகப்பன் போன பிறகு தையல் மெஷினை மிதித்து அவள் ஆளாக்கிய பிள்ளை. வனத்துறையில் வேலை கிடைத்து இந்த மலை ஊருக்கு வந்தவன், தூதா என்று ஒருத்தியைப் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். மெக்னெஸில் அம்மா பார்த்து வைத்திருந்த பெண்கள் எல்லாம் என்ன குறைச்சல்? ஒவ்வொருத்தி வீட்டிலும் வெல்வெட் மெத்தை போட்ட கூடம் இருந்தது. ஆனாலும் ரிதா நல்ல பிள்ளை. "நீ வந்து பாரும்மா. உனக்குப் பிடிக்கலேன்னா நான் கட்டல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். அந்த வார்த்தையைத்தான் பத்தூல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு குறை கிடைத்தால் போதும். பெரிய குறையாகக்கூட இருக்க வேண்டியதில்லை.

குறை பார்ப்பதற்குப் பெண்கள் கூடிக் குளிக்கும் ஹம்மாமை விட்டால் வேறு இடம் ஏது? ஜெல்லாபா அங்கியைப் போட்டு மூடிவிட்டால் எந்தப் பெண்ணும் ராணிதான். கூடத்தில் தேநீர்த் தட்டோடு தலைகுனிந்து வரும்போது எந்தப் பெண்ணும் பூனைக்குட்டிதான். நீராவியில் உட்கார்ந்து, தலைவிரிகோலமாக, வெந்நீருக்கு அடித்துக்கொள்ளும்போதுதான் ஒருத்தியின் உண்மையான குணம் வெளியே வரும். பத்தூலையே அவள் மாமியார் அப்படித்தான் மெக்னெஸ் ஹம்மாமில் பிடித்தாள். இன்று பெண் கேட்கும் நாள். பெண் எப்படியும் காலையில் குளிக்க வந்தே ஆக வேண்டும். அவள் வீடு ஹம்மாமின் விறகுக் கிடங்குக்குப் பின்னால்தான் என்று ரிதா ஒருமுறை வாய்தவறிச் சொல்லியிருந்தான்.

ஒரே சங்கடம், தூதாவின் முகம் அவளுக்குத் தெரியாது. ரிதா போனில் காட்டிய படம் பனி கொட்டும்போது எடுத்தது. கம்பளித் தொப்பி புருவம் வரை, சால்வை மூக்கு வரை. நடுவில் இரண்டு கண். "இதுல எதைடா பார்க்கிறது?" என்று கேட்டதற்கு, "நேர்ல பார்த்தா தெரிஞ்சுடும்மா. அவ சிரிச்சான்னா தெருவே திரும்பிப் பார்க்கும்" என்றான். தெருவைத் திரும்பிப் பார்க்க வைக்கும் சிரிப்பு. அதுவே பாதிக் குறை என்று பத்தூல் அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டாள்.

ஹம்மாம் வாசலில் துணிமணிக்குக் காவலாகத் தாமு என்ற பெருத்த உடம்புக்காரி உட்கார்ந்திருந்தாள்.

"எந்த ஊரும்மா?"

"மிதெல்த்துக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. வழியில ஒரு குளியல் போட்டுட்டுப் போலாம்னு."

தாமு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதிலும் முகத்தை, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மிதெல்த் வண்டி ஊருக்கு அந்தக் கோடியில்ல நிக்கும்?"

"நிக்கட்டும். குளிச்சிட்டுத்தானே போகணும்."

"அதுவும் சரிதான்" என்றாள் தாமு. ஜெல்லாபாவை வாங்கி மாட்டிவிட்டு, உள்பக்கம் திரும்பி மலைப் பாஷையில் ஏதோ ஒரு குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரே சிரிப்பு. மலைப் பாஷை பத்தூலுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதும் இல்லை.

மூன்று அறைகள். முதல் அறை வெதுவெதுப்பு, இரண்டாவது சூடு, மூன்றாவதில் மூச்சை யோசித்து விட வேண்டும். பத்தூல் நேராக மூன்றாவதற்குப் போனாள். வெளியே பனிக்காற்று எலும்பைக் கடித்ததற்கு அந்தச் சூடு சொர்க்கமாக இருந்தது. கண் பழகியதும் தேடினாள். ஆவிக்குள் ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி முதுகை இன்னொருத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி தலை முழுக்க மருதாணி. இன்னொருத்தி முகத்திலும் தலையிலும் களிமண் குழம்பை அப்பிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெந்நீர்க் குழாயடியில் காலை நீட்டிக்கொண்டு ஒருத்தி. அவளைச் சுற்றிலும் வாளிகள். அறையில் இருந்த வாளியெல்லாம் அவளிடம்தான் இருந்தது.

பத்தூல் அழுக்குத் தேய்க்கும் கையுறை, கறுப்புச் சோப்பு, களிமண், சீப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தாள். வாளி கொண்டுவரவில்லை. மிதெல்த்துக்குப் போகிறவள் வாளியோடா போவாள்?

"ஏம்மா, இத்தனை வாளி இருக்கே. ஒண்ணு இப்படித் தள்ளேன்."

"இது எங்க அக்காவுக்கு. அது எங்க அத்தைக்கு. அந்த ரெண்டும் பக்கத்து வீட்டுக்கு."

"அவங்கல்லாம் எங்கே?"

"வந்துட்டிருக்காங்க."

"எங்கேருந்து?"

"வீட்டிலேருந்துதான்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பா அது? கூரையில் முட்டி, சுவரில் மோதி, மூன்று அறைக்கும் போய்த் திரும்பி வந்தது.

தெருவே திரும்பிப் பார்க்கும். பத்தூலுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இவள்தான். வயசில் மூத்தவள் ஒரு வாளி கேட்டால் கொடுக்க மனசில்லை, எதிர்த்துப் பேச்சு, அதற்கு மேல் சிரிப்பு. வந்து கால் மணி நேரம் ஆகவில்லை, கை நிறையக் குறை. இனி சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இது சரிப்படாதுப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"இந்தாங்க பெரியம்மா" என்று பக்கத்திலிருந்து ஒரு வாளி நகர்ந்து வந்தது. நிரம்ப வெந்நீர். களிமண் அப்பிக்கொண்டிருந்தவள்தான். முகத்தில் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன. "தனியாவா வந்தீங்க? முதுகு யாரு தேய்ப்பா? குப்புறப் படுங்க, நான் தேய்ச்சு விடறேன்."

ஹம்மாமில் தனியாக வந்தவளுக்கு முதுகு தேய்க்க மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் கேவலம். தேய்க்க வேண்டாம் என்று சொல்கிற முதுகும் கிடையாது. பத்தூல் சூடான கல்தரையில் குப்புறப் படுத்தாள். சொரசொரப்பான கையுறை தோளிலிருந்து இடுப்புவரை இறங்கியது. நல்ல அழுத்தம். அழுக்கு திரிதிரியாக உருண்டது.

"மெக்னெஸ் அழுக்கு நல்லாத் திரளுது பெரியம்மா."

"மெக்னெஸ்னு யாரு சொன்னது?"

"உங்க பேச்சே சொல்லுதே."

மேற்கொண்டு வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பத்தூல் இருந்தாள். ஆனால் நல்ல கை ஒன்று முதுகு தேய்க்கும்போது பேசாமல் கிடக்கிற பெண் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

"அந்தக் குழாயடியில உக்காந்திருக்காளே, அவ பேரு தூதாதானே?"

கை சட்டென்று நின்றது. பிறகு மெதுவாக ஓடியது. "ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்." பத்தூல் குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லாதே. என் பையன் அவளைத்தான் கட்டுவேன்னு நிக்கறான்."

"ஐயோ பாவம்."

"யாரு?"

"உங்க பையன்தான்."

பத்தூலுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். தேடி வந்தது தானாகவே வந்து மடியில் விழுகிறது. "ஏன், அவ எப்படி? உள்ளதைச் சொல்லு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"எதைன்னு சொல்றது பெரியம்மா. அவ குஸ்குஸ் பண்ணினா கட்டி கட்டியா உருட்டி எறியலாம். நாயே மோந்து பார்த்துட்டுப் போயிடும்."

"அப்புறம்?"

"போன வருஷம் அவங்கப்பா வேனை எடுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவத்துல விட்டா. ஏன்டின்னு கேட்டதுக்கு, சுவர்தான் வெளியில நீட்டிக்கிட்டு இருந்ததுன்னா."

பத்தூலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். சிரித்தால் குறைக்கு மரியாதை போய்விடும்.

"எழவு வீட்டுலகூடச் சிரிப்பா. காலையில எழுப்பினா எந்திரிக்க மாட்டா. தைக்கத் தெரியாது, ஒரு பட்டன் வைக்கத் தெரியாது. பெத்தவங்ககிட்டயே மல்லுக்கு நிப்பா."

கை இடது தோளுக்கு மாறியது. பேச்சும் நிற்கவில்லை. குறை மேல் குறை. பத்தூல் கேட்டதைவிட ரெண்டு மடங்கு, மூன்று மடங்கு. வயிறு நிறைந்த பிறகும் இலையில் சோறு விழுந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முதலில் இனித்தது. பிறகு எங்கேயோ உறுத்த ஆரம்பித்தது.

"குஸ்குஸ் போகப் போகக் கை பழகிடும்" என்றாள் பத்தூல், தன்னையறியாமல். "கல்யாணமான புதுசுல நான் பண்ணினதும் கட்டிதான். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காம முழுங்கினார்."

"சிரிப்பு பெரியம்மா? அதை எப்படிப் பொறுத்துப்பீங்க?"

பத்தூல் கொஞ்சம் யோசித்தாள். மெக்னெஸ் வீடு கண்ணில் வந்தது. தையல் மெஷின், ரேடியோ, ஞாயிற்றுக்கிழமை ரிதாவின் போன். "சிரிச்சாத்தான் என்ன? எங்க வீட்டுல யாராவது வாய்விட்டுச் சிரிச்சு வருஷமாச்சு."

"இருந்தாலும் சொல்றேன், அவளை இந்த ஊர்ல ஒருத்தனும் கட்ட மாட்டான். வெளியூர்க்காரன் ஒருத்தன் ஏமாந்தவனா வரட்டும்னுதான் காத்திருந்தா. உங்க பையன் வந்து மாட்டிக்கிட்டான். உங்களுக்கு வேற நல்ல பொண்ணே கிடைக்கலையா? இவளைக் கொண்டுபோய் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மெக்னெஸ் தெருவில நடப்பீங்க?"

பத்தூல் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் வாளி கவிழ்ந்து வெந்நீர் தரையில் ஓடியது.

"போதும், நிறுத்து. கேக்கறேன், கேக்கறேன், பேசிக்கிட்டே போறியே. ஒரே ஊரு. ஒரே குழாயில தண்ணி பிடிக்கிறீங்க. பத்தடி தள்ளி உக்காந்திருக்கிறவளைப் பத்தி, முன்னப்பின்ன தெரியாத என்கிட்ட இப்படியா கொட்டுவே? என் பையன் ஒண்ணும் ஏமாளி இல்லை. அவன் ஒருத்தியைப் பார்த்து எடுத்தான்னா அவகிட்ட ஏதோ இருக்கு. குறை சொல்லணும்னா நான் சொல்லிக்கறேன், எனக்கு வாய் இருக்கு. என் மருமகளைப் பத்திப் பேச நீ யாரு?"

கும்மட்டக் கூரை அந்தக் கடைசி வாக்கியத்தை வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி திருப்பிச் சொன்னது. தேய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. குழாயடிக்காரி நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். என்ன சொன்னோம் என்று பத்தூலுக்கே இப்போதுதான் காதில் விழுந்தது. மருமகள். அந்த வார்த்தை எப்போது வாய்க்கு வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

களிமண் முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கன்னத்தில் காய்ந்திருந்த மண் மெல்ல விரிசல் விட்டது. பிறகு வந்தது ஒரு சிரிப்பு. குழாயடிச் சிரிப்பெல்லாம் அதற்கு முன்னால் வெறும் தும்மல். தெரு என்ன, ஊரே திரும்பிப் பார்த்திருக்கும்.

"நான்தான் பெரியம்மா தூதா."

"நீயா?" பத்தூல் குழாயடியைப் பார்த்தாள். "அப்போ அவ?"

"அவ ரக்கியா. சித்தப்பா பொண்ணு. எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இந்தச் சிரிப்புதான்."

"எப்போ தெரியும் உனக்கு?"

"நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே. ரிதாவோட மூக்கு வந்திருக்குன்னு தாமு வாசல்லேருந்தே கத்தினாளே. அதோட, அவரே நேத்து சொல்லிட்டார். எங்கம்மா சாயங்காலம் வரேன்னு சொன்னா காலையில வருவாங்க, வந்தா நேரா ஹம்மாமுக்குத்தான் போவாங்க, நீ குளிக்கிறப்போ வாளிச் சண்டை எதுவும் போடாதேன்னு."

பத்தூல் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளலாம் என்று பார்த்தாள். எங்கே ஓடுவது? துணியெல்லாம் தாமுவிடம் இருந்தது. பெற்ற பிள்ளையே இப்படிக் காட்டிக்கொடுத்தால் யாரை நோவது? கோபம் வர வேண்டிய இடம். ஆனால் வரவில்லை. அவன் தன்னை அவ்வளவு கச்சிதமாகத் தெரிந்து வைத்திருக்கிறான் என்பதில் ஒரு சந்தோஷம்தான் எட்டிப் பார்த்தது.

"இத்தனை குறையையும் நீயே எதுக்குடி உன் தலையில அள்ளிப் போட்டுக்கிட்டே?"

"குறை தேடித்தான் வருவீங்கன்னு தெரியும். வயசான காலத்துல ஏன் தேடி அலையணும்னு நானே குடுத்தேன்." சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "அதெல்லாத்தையும் கேட்டுட்டு நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்கும் பார்க்கணும். நீங்க மட்டும்தான் பார்க்கணுமா? நான் இன்னும் அவருக்குச் சரின்னு சொல்லல. உங்கம்மாவைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்னு சொல்லியிருக்கேன்."

முடிவு தன் கையில் இருக்கிறது என்று மெக்னெஸிலிருந்து மார்தட்டிக்கொண்டு வந்தவள், கல்தரையில் கூந்தல் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தாச்சே. என்ன தோணுது?"

"சாயங்காலம் சொல்றேன்."

"சொன்னதுல எது நெசம்?"

"குஸ்குஸ் நெசம். வேனும் நெசம். ஆனா அந்தச் சுவர் உண்மையாவே வெளியிலதான் நீட்டிக்கிட்டு இருந்தது."

பத்தூல் கையை நீட்டிக் கையுறையைப் பிடுங்கிக்கொண்டாள். "திரும்பு."

தேய்த்த முதுகுக்குப் பதில் முதுகு தேய்த்தாக வேண்டும். தூதா திரும்பி உட்கார்ந்தாள். பத்தூல் தையல்காரியின் கையால் அழுத்தித் தேய்த்தாள். முகம் தெரியாதபோது பேசுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"உன் மேல எனக்கு ஒண்ணுமில்லை. உன்னைத் தெரியாதே எனக்கு. அவன் இந்த மலையிலேயே தங்கிடுவான், என்னை மறந்துடுவான்னு பயம். வேற ஒண்ணுமில்லை. ராத்திரியெல்லாம் அதுதான்."

தூதா சொன்னாள்: "மறக்கிறதா? உங்க பேச்சைத் தவிர வேற பேச்சுக் கிடையாது அவருக்கு. எனக்கே சலிச்சுப்போச்சு. எங்கம்மா இப்படிப் பண்ணுவாங்க, எங்கம்மா அப்படிப் பண்ணுவாங்க. கொஞ்சம் மெதுவா பெரியம்மா, தோல் எனக்கு வேணும்."

"பேசாம இரு. கழுத்தெல்லாம் அழுக்கு."

ரக்கியா எழுந்து வந்து, தான் காவல் காத்த வாளிகளை ஒவ்வொன்றாக நிரப்பி பத்தூலுக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். "இனிமே யாரும் வர மாட்டாங்க. எல்லாம் உங்களுக்குத்தான்" என்றாள், கொஞ்சம் அசடு வழிய.

சாயங்காலம் டாக்ஸி நிறுத்தத்தில் ரிதா அம்மாவுக்காகக் காத்திருந்தான். அப்போதுதான் வந்து இறங்கியவள் போல அவள் அவன் எதிரில் போய் நின்றாள். முகம் செக்கச்செவேல் என்று பளபளத்தது.

"பிரயாணம் நல்லா இருந்துச்சாம்மா?"

"நல்லா இருந்துச்சு. குளிரு கன்னத்தைப் பிச்செடுத்துடுச்சு."

அவன் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு பையை வாங்கிக்கொண்டான்.

தூதாவின் வீட்டில் வெல்வெட் எதுவும் இல்லை. கம்பளி விரிப்பு, நடுவில் கணப்பு. பத்தூல் கொண்டுவந்த சர்க்கரைக் கட்டிகளையும் மருதாணியையும் வாங்கி வைத்துக்கொண்டு, பாலும் பேரீச்சையும் கொடுத்து உட்காரவைத்தார்கள். பெரியவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். உறவுமுறையே இல்லாத தாமுவும் மூலையில் நல்ல ஜெல்லாபாவில் உட்கார்ந்திருந்தாள். தூதா பழுப்பு நிறக் கஃப்தான் அங்கியில், கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, தேநீர்த் தட்டோடு வந்தாள். பூனைக்குட்டிதான்.

"ரொம்ப தூரத்திலேருந்து வந்திருக்கீங்க" என்றார் அவள் அப்பா. "எங்க பொண்ணை நீங்க இதுக்கு முன்ன பார்த்தது கிடையாது."

மூலையில் தாமுவுக்கு இருமல் வந்தது.

"பாரும்மா" என்றான் ரிதா. "நீ சொல்றதுதான். உனக்குப் பிடிச்சிருக்கா?"

கூடமே பத்தூலைப் பார்த்தது. இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் எத்தனையோ ராத்திரி ஒத்திகை பார்த்திருந்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, பெருமூச்சை எந்த இடத்தில் விடுவது என்பது வரை. தூதா இன்னும் நிமிரவில்லை.

"என்னை ஏன்டா கேக்கறே?" என்றாள் பத்தூல். "அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்கான்னு கேளு."

மாப்பிள்ளையின் அம்மா அப்படிப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தூதா தட்டைக் கீழே வைத்தாள். முதல் தம்ளரை எடுத்தாள். அது வீட்டுப் பெரியவருக்குப் போக வேண்டிய தம்ளர். அவள் அவரைத் தாண்டி, தன் அப்பாவையும் தாண்டி, பத்தூலுக்கு எதிரில் வந்து மண்டியிட்டாள்.

"குடிங்க அத்தை. ஆறிடப் போகுது."

பத்தூல் வாங்கிக்கொண்டாள். தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது, ஆறுவதாகவே இல்லை. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று அவள் அதை ஒரே மடக்கில் குடித்தாள்.